தட்டில் இல்லாத போன்

மலைமேல், ஆலத்தூர் நாடு என்ற கிராமத்திலிருந்து செம்மேட்டுக்குப் போகும் ரோட்டில், ஒரு வளைவு தாண்டி உள்ளே தள்ளி இருந்தது அந்தக் குடோன். ஒரு காலத்தில் காப்பிக்கொட்டை வைப்பதற்காகக் கட்டியது. இரண்டடி அகலக் கருங்கல் சுவர், மேலே தகரக் கூரை. இப்போது அதில் சாமை, தினை, மிளகு மூட்டைகள் அடுக்கியிருந்தார்கள். பக்கத்து ஷெட்டில் பதினான்கு பேர் அவற்றைப் புடைத்துச் சுத்தம் செய்து பாக்கெட் போடும் வேலை பார்த்தார்கள். பெரும்பாலும் பெண்கள்.

அங்கே எங்கேயும் டவர் கிடைக்காது. ஆபீஸ் அறை ஜன்னலில் மட்டும் கொஞ்சம் வரும். அதனால் அந்த ஜன்னல் திண்டில் ஒரு எவர்சில்வர் தட்டு வைத்திருந்தார்கள். காலையில் வந்ததும் எல்லோரும் போனை அதில் போட்டுவிட்டு வேலைக்குப் போவார்கள். ஏதாவது அடித்தால் பக்கத்தில் இருப்பவர் எட்டிப் பார்த்து, “ராதிகா, உனக்குத்தான்!” என்று கத்துவார். சாயங்காலம் அவரவர் போனை எடுத்துக்கொண்டு கிளம்புவார்கள். தட்டு காலியானால் ஆட்கள் எல்லோரும் போயாயிற்று என்று அர்த்தம். சூப்பர்வைசர் அருணாசலம் தட்டைப் பார்த்துவிட்டுத்தான் ஷட்டரை இறக்குவார். யாரும் சட்டமாகச் சொல்லவில்லை. பழக்கமாகிவிட்டது, அவ்வளவுதான்.

அந்த வியாழக்கிழமை சுமித்ரா தன் போனைத் தட்டில் போடவில்லை.

அவளுடைய அம்மாவுக்கு நாமக்கல்லில் வயிற்றில் ஆபரேஷன். தம்பி சந்தோஷ்குமார் கூட இருந்தான். காலையிலேயே அருணாசலத்திடம் சொல்லியிருந்தாள். “நாலு மணி பஸ்ஸுக்குக் கெளம்பிக்கறனுங்க சார்.”

“போயிட்டு வா கண்ணு. சொல்லிட்டெல்லாம் போக வேண்டாம், நேரமாச்சுன்னா நீ பாட்டுக்குக் கெளம்பு” என்றார் அவர்.

ஆபரேஷன் பதினோரு மணிக்கு என்றார்கள், பிறகு ஒரு மணி என்றார்கள். மூன்றரைக்கு மழை பிடித்தது. நாலுக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது போன் அடித்தது. அதற்காகவே ஆபீஸ் ஜன்னலுக்குப் பக்கத்தில் நின்றிருந்த சுமித்ரா எடுத்தாள்.

“அக்கா, அம்மாவ உள்ள கூட்டிட்டுப் போயிட்டாங்க. டாக்டர் வந்து என்ன சொல்றாருன்னா…”

அதோடு அறுந்தது. திரும்ப அடித்தாள், போகவில்லை. ஜன்னலுக்கு வெளியே மலை தெரியவில்லை, மரம் தெரியவில்லை, வெறும் வெள்ளையாக இருந்தது. போனில் டவர் கட்டை ஒன்றும் இல்லை. டாக்டர் என்ன சொன்னார்? நல்லதாக இருந்தால் எடுத்ததுமே சொல்லியிருப்பானே?

குடோனின் பின்கோடியில், பழைய சாக்குகள் போட்டு வைத்த பரண் ஒன்று உண்டு. அங்கே கூரைக்குக் கீழே கம்பி போட்ட சின்னக் காற்றுத்துளை இருந்தது. எப்போதாவது அதனருகே இரண்டு கட்டை டவர் வரும் என்று அவளுக்குத் தெரியும். மழையில் நனைந்து ரோடு வரை போவதைவிட அது பக்கம். மூட்டைகளுக்கு நடுவே ஓடி, ஏணியில் ஏறி, பரணில் குப்புறப் படுத்து, போனைத் துளைக்குப் பக்கத்தில் நீட்டிப் பிடித்தாள்.

துளையை வெளியிலிருந்து யாரோ பிளாஸ்டிக் தாள் வைத்து டேப் ஒட்டி அடைத்திருந்தார்கள். சாரல் அடிக்காமல் இருக்க என்று நினைத்தாள். தகரத்தில் மழை கொட்டிய சத்தத்தில் வேறு எதுவும் கேட்கவில்லை. நாலு மணி பஸ்ஸின் நினைப்பும் வரவில்லை. தம்பி எண்ணை எத்தனை முறை அழுத்தினாள் என்று பிறகு கேட்டபோது அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை. நடுவில் கீழே ஒரு டார்ச் வெளிச்சம் மூட்டைகளுக்கு இடையே நகர்ந்து போனதை மட்டும் பார்த்தாள். அருணாசலம் மூட்டை எண்ணுகிறார் போலிருக்கிறது என்று எண்ணிக்கொண்டு மறுபடி போனைப் பார்த்தாள்.

சற்று நேரத்தில் விளக்கு அணைந்தது. கரண்ட் போய்விட்டது என்று நினைத்தாள். மழைக்காலத்தில் அங்கே அது புதிதல்ல.

அப்போதுதான் போனில் ஒரு கட்டை எழுந்தது. ஒரே நொடி. அந்த நொடியில் வேலை ஆட்களின் வாட்ஸ்அப் குரூப்பிலிருந்து ஒரு செய்தி வந்து விழுந்தது. மூன்று ஐம்பத்தைந்துக்கு அருணாசலம் போட்டது.

‘நாளைக்கு வர வேண்டிய பூச்சி மருந்து ஆள் இன்றைக்கே வந்துவிட்டார். நாலரைக்கு குடோனுக்குள் மருந்து வைக்கிறோம். எல்லோரும் நாலு மணிக்கே வீட்டுக்குப் போகலாம். திங்கள்கிழமை வரை குடோனுக்குள் யாரும் போகக் கூடாது.’

மணி பார்த்தாள். நாலு ஐம்பத்தைந்து.

அவள் ஏணியில் இறங்கவில்லை, சரிந்து விழுந்தாள் என்றே சொல்ல வேண்டும். போன் டார்ச்சை அடித்தபோது சந்தின் நடுவில் தகரத் தட்டு தெரிந்தது. அதில் சாம்பல் நிற மாத்திரைகள் பரப்பியிருந்தன. பத்தடி தள்ளி இன்னொரு தட்டு. அதற்கப்பால் இன்னொன்று. முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, தட்டுகளை மிதிக்காமல் தாண்டித் தாண்டி வாசலுக்கு ஓடினாள். ஷட்டர் தரை வரை இறங்கியிருந்தது.

“சார்! சாருங்க! உள்ள இருக்கறனுங்க! தொறங்க!”

இரண்டு கையாலும் அடித்தாள். இரும்பு அதிர்ந்தது. வெளியே மழையின் இரைச்சல் அதைவிடப் பெரிதாக இருந்தது. தரையோடு கண்ணை வைத்துப் பார்த்தாள். ஷட்டருக்கு அடியில் வெளிச்சக் கீற்றுகூட வரவில்லை. வெளியிலிருந்து களிமண் வைத்துப் பூசியிருந்தார்கள். காற்று போகக் கூடாது என்பதற்காக எவ்வளவு ஒழுங்காகப் பூசியிருக்கிறார்கள் என்று நினைத்தாள்.

மருந்து வைப்பவர் முபஷிர். சேந்தமங்கலத்துக்காரர், நாற்பது வயதிருக்கும். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை வருவார். போன வருஷம் எல்லோரையும் உட்கார வைத்து ஒரு மணி நேரம் பேசியிருந்தார். “ஈரக்காத்து பட்டுத்தான் இந்த மாத்திரை வேலை செய்யும். மொதல் ஒரு மணி நேரம் ஒண்ணும் தெரியாது. அப்புறம் பூண்டு அழுகின மாதிரி ஒரு வாசனை வரும். அது வந்தா ஏன் எதுக்குன்னு நிக்காதீங்க, ஓடுங்க. எலிகூட மிஞ்சாது.”

அன்று கூட வேலை பார்க்கும் சுகுணா, “அப்ப எங்கூட்டுக்காரருக்கு ரெண்டு குடுங்க பாய்” என்று சொல்லி எல்லோரும் சிரித்தார்கள்.

சுமித்ரா மூச்சை இழுத்துப் பார்த்தாள். மிளகு வாசனைதான் வந்தது. இல்லை, இன்னொன்றும் இருந்தது. இருந்ததா? பயத்தில் தோன்றுகிறதா? இன்னொரு தடவை இழுத்துப் பார்க்கத் துணிவில்லை. ஈரக்காற்று பட்டால் வேலை செய்யும் என்றாரே, மூன்றரையிலிருந்து மழை பெய்கிறதே என்ற நினைப்பு வந்ததும் அவள் பரணுக்கு ஓடினாள்.

காற்றுத்துளை ஒன்றரையடிதான் இருக்கும். குறுக்கே நான்கு கம்பிகள், கல்லில் பதித்தவை. இழுத்துப் பார்த்தாள், அசையவில்லை. விரலால் பிளாஸ்டிக் தாளைக் கிழிக்க முடியவில்லை. தாள் தடிமனாக, வழுக்கிக்கொண்டே போனது. சாக்குக் குவியலில் துழாவியதில் துருப்பிடித்த கோணி ஊசி ஒன்று கையில் குத்தியது. அதை எடுத்துத் தாளைக் குத்திக் குத்திக் கிழித்தாள். கிழிந்த இடத்தில் வாயை வைத்தாள். மழையும் காற்றும் சேர்ந்து முகத்தில் அடித்தன. தண்ணீரைக் குடித்தாளா, காற்றைக் குடித்தாளா தெரியாது. அப்படியே கொஞ்ச நேரம் கிடந்தாள்.

பிறகு போன். சார்ஜ் பதினொன்று.

கம்பிக்கு இடையே கையை முழங்கை வரை வெளியே நீட்டினால் ஒரு கட்டை வந்தது, உள்ளே இழுத்தால் போனது. ஸ்பீக்கரில் போட்டுவிட்டுக் கையை நீட்டினாள். மழைத்துளி விழுந்து திரை தானாக எங்கெங்கோ ஓடியது. அருணாசலத்தின் பெயரை அழுத்தினால் கேமரா திறந்தது. உள்ளே இழுத்து, பாவாடை ஓரத்தில் துடைத்து, அழுத்தி, நீட்டினாள். அருணாசலத்துக்குப் போகவில்லை. அவர் வீட்டில் எப்போதுமே டவர் இருக்காது. அவசர எண்ணை அழுத்தினாள். ஒரு தடவை மணி அடித்தது. “ஹலோ” என்று அவள் கத்துவதற்குள் அறுந்தது. சுகுணாவுக்கு, ‘குடோனுக்குள் மாட்டிக்கொண்டேன் மருந்து’ என்று மட்டும் எழுதி அனுப்பினாள். அதன் பக்கத்தில் சின்ன வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது.

தலை வலித்தது. வயிற்றைப் புரட்டியது. இதுதான் அதுவா? மதியம் சரியாகச் சாப்பிடாததாலா? எது என்று கண்டுபிடிக்க வழியில்லாததுதான் அவளை மிகவும் பயமுறுத்தியது. தன் உடம்பையே நம்ப முடியவில்லை. எடப்புளி நாட்டில் இருக்கும் அவள் வீட்டில் டவரே கிடையாது. அவள் நாமக்கல் போயிருப்பாள் என்று வீட்டுக்காரர் நினைத்துக்கொண்டிருப்பார். நாமக்கல்லில் இருக்கும் தம்பி, அக்கா மழைக்கு வீட்டிலேயே தங்கிவிட்டாள் என்று நினைப்பான். திங்கள்கிழமை வரைக்கும் அவளை யாரும் தேடப் போவதில்லை. அப்படி ஒவ்வொருவராக நினைத்துப் பார்த்தபோது அழுகைகூட வரவில்லை.

அப்போது வாசனை வந்தது. இந்தத் தடவை சந்தேகமில்லை. பூண்டு, அழுகிய பூண்டு. பரணின் இடுக்கு வழியாகக் கீழிருந்து வந்தது. அவள் சாக்குகளை வாரி இடுக்குகளில் திணித்தாள். ஏணி வாய்க்கு மேல் நான்கைந்து சாக்கை விரித்தாள். திரும்ப ஓடி வந்து கம்பியில் முகத்தை அழுத்திக்கொண்டாள்.

கை வெளியே நீட்டியபடி இருந்தது. போன் அடித்தது.

தெரியாத எண். கட்டைவிரலால் தேய்த்தாள். நல்லவேளையாக எடுத்தது.

“ஹலோ? சுமித்ராங்களா?” ஆண் குரல், தூரத்தில் கேட்டது.

“நானுங்க! குடோ… குடோனுக்குள்ள…”

“ஹலோ? சத்தம் சரியாக் கேக்கலீங்களே. ஹலோ? பஸ்ஸுல இருக்கீங்களா?”

“இல்லீங்க! குடோனுங்க! உள்ள!”

அறுந்தது. அவள் பதறிக் கையை உள்ளே இழுத்தாள். மணிக்கட்டு கம்பியில் இடித்தது. விரல்கள் ஏற்கெனவே மரத்திருந்தன. போன் நழுவி, வெளியே, பதினைந்தடி கீழே புல்லில் விழுந்தது.

அவள் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். திரை வெளிச்சம் புல்லுக்குள் தெரிந்தது. கொஞ்ச நேரத்தில் அது மறுபடி அடித்தது. வெட்டவெளியில் கிடந்ததால் அங்கே டவர் நன்றாக இருந்தது போலிருக்கிறது, அடித்துக்கொண்டே இருந்தது. நின்றது. மறுபடி அடித்தது. அவள் கம்பிக்கு இடையே இரண்டு கையையும் நீட்டி, அந்தப் போனைப் பார்த்து, “இங்க இருக்கறேன், இங்க இருக்கறேன்” என்று கத்தினாள். மூன்றாவது தடவை அடித்து முடித்ததும் வெளிச்சம் அணைந்தது. அதற்கப்புறம் அடிக்கவில்லை.

அவர் காதில் என்ன விழுந்திருக்கும்? ஏதாவது விழுந்ததா? யார் அவர்?

மழை கொஞ்சம் விட்டிருந்தது. வெளியே இருட்டத் தொடங்கியது. நெஞ்சு இறுகிக்கொண்டு வந்தது, இருமல் வந்தது. வெளியே நீட்டிய முகத்தை உள்ளே எடுக்கவே கூடாது என்று கம்பியில் நெற்றியைப் பதித்துக்கொண்டாள். அந்தக் கம்பியின் தடம் மூன்று நாள் வரை அவள் நெற்றியில் இருந்தது. அம்மா கண் விழித்திருப்பாளா என்று நினைத்தாள். கண் விழித்து, சுமித்ரா எங்கே என்று கேட்டால் என்ன சொல்வார்கள் என்று நினைத்தாள். தூங்கக் கூடாது என்பதற்காகத் தன்னோடு வேலை பார்ப்பவர்களின் பெயர்களை வாய்விட்டுச் சொன்னாள். பதினோரு பெயருக்கு மேல் ஞாபகம் வரவில்லை. மறுபடி முதலிலிருந்து சொன்னாள்.

எவ்வளவு நேரம் ஆனதோ தெரியாது. ரோட்டில் ஒரு வண்டி வெளிச்சம் திரும்பியது. வண்டி நிற்பதற்கு முன்பே கதவு திறந்து ஒருவர் குதித்தார்.

“சுமித்ரா! உள்ள இருக்கியாம்மா?”

“பாய்!” என்றாள். குரல் வரவில்லை. கையை வெளியே விட்டு ஆட்டினாள். டார்ச் வெளிச்சம் சுவரில் தேடி, அவள் கையில் வந்து நின்றது.

“பாத்துட்டேன், பாத்துட்டேன்! மூஞ்சிய வெளிய வெச்சுக்க. கீழ எறங்காத. நான் வர்ற வரைக்கும் அந்த எடத்த விட்டு அசையாத!”

சாவி அருணாசலத்திடம் இருந்தது. அருணாசலத்துக்குப் போன் போகவில்லை. முபஷிரும் டிரைவர் தமிழ்செல்வனும் வண்டி ஜாக்கியின் கம்பியைப் பூட்டில் கொடுத்து நெம்பினார்கள். இரும்பு முனகும் சத்தம் அவளுக்குக் கேட்டது. ஷட்டர் எழுந்த சத்தமும் கேட்டது. சாக்குகளைத் தள்ளிக்கொண்டு, முகமூடி போட்ட ஒரு தலை ஏணி வாயில் முளைத்தது. அவர் கையில் இன்னொரு முகமூடி இருந்தது. அதை அவள் முகத்தில் மாட்டி வாரை இழுத்துக் கட்டினார். அவளைத் தோளில் சாய்த்து ஏணியில் இறக்கி, தட்டுகளைக் காலால் ஒதுக்கிக்கொண்டே வெளியே கொண்டுவந்து, ஈரப் புல்லில் உட்கார வைத்தார். அவள் வாந்தி எடுத்தாள். அதைப் பார்த்த முபஷிர் தன் முகமூடியைக் கழற்ற முடியாமல் தடுமாறினார். தமிழ்செல்வன்தான் கழற்றிவிட்டார்.

செம்மேட்டு ஆஸ்பத்திரியில் ஆக்ஸிஜன் வைத்தார்கள். டாக்டரம்மா நெஞ்சில் ஸ்டெதஸ்கோப் வைத்துக் கேட்டார், கண்ணைப் பார்த்தார், நாலைந்து தடவை நாடி பிடித்தார். “காத்துக்குப் பக்கத்துலேயே இருந்தது நல்லதாப் போச்சு. ரெண்டு நாள் இங்கயே இருக்கணும்” என்றார்.

முபஷிர் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

“ஷட்டர் எறக்கறதுக்கு முன்னாடி கேட்டேம்மா, எல்லாரும் வெளிய வந்தாச்சான்னு. தட்டு காலியா இருக்குதுன்னாரு அருணாசலம். நீ போனதப் பாக்கலைன்னு உனக்கு மட்டும் போன் அடிச்சுப் பாத்தாரு. போகல. நாமக்கல் பஸ்ஸுல போயிருப்பா, கொண்டை ஊசி வளைவுல டவர் இருக்காதுன்னாரு. எனக்கும் அது சரியாத்தான் பட்டுச்சு. இருந்தாலும் நம்பர் வாங்கி நானும் ஒரு தடவை அடிச்சேன். தொடர்பு எல்லைக்கு வெளியேன்னு சொல்லுச்சு. கெளம்பிட்டேன்.”

“அப்புறம் எப்படித் தெரிஞ்சுதுங்க?”

“செம்மேட்டுல டீக்கடையில மழைக்கு ஒதுங்கி நின்னுட்டிருந்தோம். நீங்கள் அழைத்த எண் இப்போது தொடர்பில் உள்ளதுன்னு மெசேஜ் வந்துச்சு. அம்மாவ ஆஸ்பத்திரியில பாத்துட்டியான்னு கேக்கலாம்னுதான் கூப்புட்டேன். நீ பேசுனது ஒண்ணுமே வெளங்கல. ஆனா தகரத்து மேல மழை பேயற சத்தம் கேட்டுச்சு. பஸ்ஸுல அப்படிக் கேக்காதே? திரும்பத் திரும்ப அடிச்சேன், மணி போவுது, எடுக்க மாட்டேங்கற. தமிழ்செல்வன்கிட்ட வண்டியத் திருப்புன்னு சொல்லிட்டேன். உள்ள போய்ப் பாத்திருக்கணும். பரண்ல ஏறிப் பாத்திருக்கணும். எம்பொழப்பே அதுதான். போனை நம்பிட்டேன்.”

சுமித்ரா அவருடைய போனைக் கேட்டு வாங்கினாள். தம்பி எண் நினைவில் இல்லை, எல்லாம் புல்லில் கிடந்த போனில் இருந்தது. மனப்பாடமாகத் தெரிந்தது அம்மாவின் எண் மட்டும்தான். அதை அழுத்தினாள். தம்பி எடுத்தான்.

“அக்கா! எங்கக்கா போயிட்ட? எத்தன தடவ அடிக்கறது! அம்மாவுக்கு நல்லபடியா முடிஞ்சிருச்சு. கட்டி சாதாரணக் கட்டிதானாம். டாக்டர் அதத்தான் அப்பவே சொன்னாரு, நான் சொல்றதுக்குள்ள கட்டாயிடுச்சு.”

அவள் போனைக் காதிலேயே வைத்துக்கொண்டு, ஆக்ஸிஜன் குழாயோடு சேர்த்து முகத்தை மூடி அழுதாள். தம்பி, “அக்கா? அக்கா, கேக்குதா? டவர் இல்லையா?” என்று கேட்டுக்கொண்டே இருந்தான்.

மறுநாள் காலையில் அருணாசலம் வந்தார். ராத்திரியெல்லாம் தூங்கவில்லை என்று முகம் சொன்னது. வாசலிலேயே நின்றார்.

“தட்டப் பாத்தேன் கண்ணு. ஒண்ணும் இல்ல…”

அவள் அவரைத் திட்ட நினைத்தாள். ஆனால், “உள்ள வந்து உக்காருங்க சார்” என்றாள். அவர் வந்து உட்கார்ந்தார்.

இரண்டு வாரம் கழித்து அவள் வேலைக்குப் போனாள். அதற்குள் கம்பெனியில் டவர் இழுக்கும் பெட்டி ஒன்று வாங்கிக் கூரையில் ஆன்டெனா மாட்டியிருந்தார்கள். ஷெட்டுக்குள் நின்றே எல்லோரும் பேசினார்கள். சுகுணா வீடியோ காலில் தன் அம்மாயிக்கு அந்தப் பெட்டியைக் காட்டினாள். சுமித்ரா அதை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. குடோனுக்குள் போகும் வேலை வந்தால் வாசலில் யாரையாவது நிற்க வைத்துவிட்டுத்தான் போனாள். சிரித்தார்கள், ஆனால் நின்றார்கள். வீட்டில் குளிக்கும்போது கதவைத் தாழ் போட முடியவில்லை. வீட்டுக்காரர் கேட்டதற்கு, “கொஞ்ச நாள் போகட்டுங்க” என்றாள்.

மூன்று மாதம் கழித்து முபஷிர் மறுபடி மருந்து வைக்க வந்தார். பரணிலும் ஒவ்வொரு சந்திலும் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். மாத்திரை டப்பாவைத் திறக்காமல் வண்டிப் படியில் வைத்தார். ஆட்கள் எல்லோரும் வாசலில் வரிசையாக நின்றார்கள். வருகைப் பதிவேட்டைச் சுமித்ராவிடம் கொடுத்தார் அருணாசலம். அவள் ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டாள். ஒவ்வொருவரும் கையைத் தூக்கி, “இருக்கறேன்” என்றார்கள். முகத்தைப் பார்க்காமல் அடுத்த பெயருக்கு அவள் போகவில்லை. பதினான்காவதாகத் தன் பெயரையும் வாசித்து, தானே பதிலும் சொன்னாள்.

ஷட்டரில் கை வைத்த அருணாசலம் அவளைப் பார்த்தார். உள்ளங்கை வியர்வையில் பதிவேட்டின் அட்டை நனைந்திருந்தது.

“இன்னொரு தடவ கூப்புடறனுங்க” என்றாள்.

யாரோ பின்னால் பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று முணுமுணுத்தார்கள். முபஷிர் வண்டிப் படியில் டப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

“கூப்புடும்மா” என்றார். “எனக்கு ஒண்ணும் அவசரமில்ல.”